இதயத்தில் முளைக்காத தசை: சி-கிட் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

2011 நவம்பரில் லான்செட் இதழில் ஒரு சிறிய மருத்துவச் சோதனையின் முடிவு வெளிவந்தது. சோதனையின் பெயர் ஸ்கிப்பியோ. மாரடைப்பால் இதயம் பலவீனமாகி, பைபாஸ் அறுவைக்கு வந்த 16 பேருக்கு அவரவர் இதயத்திலிருந்தே எடுத்து வளர்த்த, சி-கிட் என்ற புரதம் கொண்ட ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடியவை என்று கருதப்பட்ட மூலச் செல்களை, திரும்பச் செலுத்தினார்கள். 4 மாதம் கழித்து அளந்தபோது, ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு, அதாவது மருத்துவர்கள் ஈ.எஃப். என்று சொல்லும் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன், சராசரியாக 30.3 சதவீதத்திலிருந்து 38.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஓராண்டு முடித்த சிலரிடம் உயர்வு 12 புள்ளிக்கும் மேல். மருந்து எதுவும் அவ்வளவு எளிதாகக் கொடுக்காத உயர்வு இது. இதயநோய் மருத்துவத்தில் புதிய யுகம் பிறந்துவிட்டதாக உலகம் முழுக்கச் செய்தி போனது.

2019-ல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

இடையில் நடந்ததைப் பொதுவாக ஒரு மோசடிக் கதையாகச் சொல்வார்கள். மோசடி அதில் ஒரு பகுதிதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: செலுத்திய செல் தசையாக மாறியதா என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடங்கள் 2004-லேயே பதில் சொல்லிவிட்டன. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மனிதர்களிடம் சோதனை தொடர்ந்தது. எப்படித் தொடர முடிந்தது? அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, ஸ்கேனில் வரும் ஒரு சதவீதக் கணக்கை அதன் இடத்தில் உட்கார வைத்ததால்தான்.

எதைச் சரிசெய்யப் பார்த்தார்கள்

ஒரு வளர்ந்த மனிதரின் இடது கீழறையில் ஏறக்குறைய 200 முதல் 400 கோடி தசைச் செல்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்தில் அவற்றில் 100 கோடி வரை கொன்றுவிடும். செத்த இடத்தில் புதுத் தசை வராது. நார்த்திசு வந்து தழும்பாக இறுகும். தழும்பு கெட்டியாக இருப்பதால் சுவர் கிழியாமல் தப்புகிறது, ஆனால் அது சுருங்காது. மிச்சமுள்ள தசை அதிக வேலை செய்து, விரிந்து, மெல்ல மெல்லத் தோற்கிறது. இதயச் செயலிழப்பு என்பது பல நோயாளிகளிடம் இந்தக் கணக்கின் தாமதமான விளைவு.

எல்லா உயிர்களிலும் இப்படி இல்லை. ஸீப்ராமீனின் கீழறையில் 20 சதவீதத்தை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் தசை திரும்ப வளர்ந்துவிடும் என்று 2002-ல் காட்டினார்கள். 2011-ல் இன்னொன்று தெரிந்தது: பிறந்து ஒரு நாளான எலிக்குஞ்சின் இதயமும் அப்படி வளர்கிறது, ஏழாம் நாளுக்குள் அந்தத் திறன் போய்விடுகிறது. இந்த இரண்டிலும் புதுத் தசை எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒளிந்திருக்கும் ஸ்டெம் செல்லிலிருந்து அல்ல. ஏற்கனவே இருக்கும் தசைச் செல்லே பிரிந்து பெருகுகிறது. இந்தத் தகவல் கையில் இருந்தும், பெரிய பணமும் பெரிய பெயர்களும் ஸ்டெம் செல் பக்கமே போயின.

2001: தொடக்கம்

அந்த ஆண்டு நேச்சர் இதழில், நியூயார்க் மெடிக்கல் காலேஜில் இருந்த பியரோ அன்வெர்சாவின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. பச்சையாக ஒளிரும் புரதம் கொண்ட ஆண் எலிகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து, மேற்பரப்பில் சி-கிட் என்ற புரதம் உள்ள செல்களைப் பிரித்தெடுத்தார்கள். மாரடைப்பு உண்டாக்கப்பட்ட பெண் எலிகளின் இதயத்தில், செத்த பகுதியின் விளிம்பில் அவற்றை ஊசியால் போட்டார்கள். 9 நாளில், செத்த பகுதியின் 68 சதவீதத்தைப் புதுத் தசை நிரப்பிவிட்டது என்று அறிவித்தார்கள்.

9 நாளில் 68 சதவீதம். இன்று படித்தால் புருவம் உயரும். அன்றைக்கு எலும்பு மஜ்ஜை செல் எதுவாகவும் மாறும், ஈரலாகும், நரம்பாகும் என்ற நம்பிக்கை துறை முழுக்க இருந்த காலம். மேலும் மஜ்ஜை செல்லைக் கையாள்வது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருந்த வேலை அது. நோயாளியின் சொந்த செல் என்பதால் நிராகரிப்புப் பிரச்சினை இல்லை, மனிதக் கருவைச் சார்ந்த அறச்சிக்கல் இல்லை. இவ்வளவு வசதியான ஒரு முடிவை யாருக்குத்தான் பிடிக்காது?

அதே 2001-ல் ஜெர்மனியின் டூசல்டோர்ஃபில் மனிதர் ஒருவரின் இதய ரத்தக்குழாய்க்குள் மஜ்ஜை செல்கள் செலுத்தப்பட்டன. எலியில் வந்த முடிவை இன்னொரு கூடம் திரும்பச் செய்து பார்ப்பதற்குள்ளேயே மனிதச் சோதனைகள் வரிசைகட்டி விட்டன. 2004-ல் ஹானோவரில் நடந்த பூஸ்ட் சோதனையில் 6 மாதத்தில் ஈ.எஃப். 6 புள்ளி அளவில் கூடுதலாக உயர்ந்தது. 18 மாதத்தில் பார்த்தபோது செல் பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2006-ல் ஒரே இதழில் இரண்டு சோதனைகள் வந்தன. ஒன்று பலன் உண்டு என்றது, மற்றது இல்லை என்றது.

2004: சோதனை திரும்பச் செய்யப்படுகிறது

இந்த விவகாரம் முழுவதிலும் நான் அதிகம் மதிக்கும் வேலை இதுதான். நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் எழுதின. ஒன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் மர்ரியும் இந்தியானாவின் லோரன் ஃபீல்டும் சேர்ந்தது. மற்றது ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தது.

முதல் குழுவின் முறை எளிமையானது, தப்பிக்க வழி விடாதது. அன்வெர்சா குழு பயன்படுத்திய பச்சை ஒளி எல்லா வகை செல்லிலும் எரியும். ஆகவே பச்சை தெரிந்த இடத்தில் இருப்பது தசையா, வேறு செல்லா என்பதை இன்னொரு சாயத்தால்தான் முடிவு செய்ய வேண்டும். செத்த இதயத்தசைக்குத் தானாகவே ஒளிரும் குணம் உண்டு. மெல்லிய வெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு செல்கள் ஒரே செல்லாகத் தெரியும். ஏமாற நிறைய இடம் இருந்தது. மர்ரி குழுவோ, இதயத்தசைக்கே உரிய ஒரு மரபணு இயங்கினால் மட்டுமே அடையாளம் காட்டும்படி கொடை எலியை வடிவமைத்தது. செல் உண்மையிலேயே தசையாக மாறினால்தான் அதன் உட்கரு நீல நிறமாகும். இல்லையென்றால் ஒன்றும் தெரியாது.

145 முறை செல் மாற்றிப் பார்த்தார்கள். தசையாக மாறியதற்கு அடையாளம் கிடைக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்ட் குழு, போட்ட செல்கள் என்னவாகின்றன என்பதைப் பின்தொடர்ந்தது. 10-வது நாளில் இதயத்தில் நிறைய பச்சைச் செல்கள் இருந்தன. 30-வது நாளில் மிகச் சிலவே. இருந்தவையும் இதயத்தசையின் புரதத்தைக் காட்டவில்லை, ரத்த செல்லின் புரதத்தைக் காட்டின. மஜ்ஜையின் ரத்த ஸ்டெம் செல் இதயத்துக்குள் போனாலும் ரத்த செல்லாகவே ஆகியிருக்கிறது.

இங்கே விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இரண்டு காரணங்கள். மனிதச் சோதனைகள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தன, ஈ.எஃப். உயர்கிறதே, எப்படி உயர்ந்தால் என்ன, என்று கேட்கும் மனநிலை வந்துவிட்டது. இரண்டாவது, அன்வெர்சா குழு அதற்குள் களத்தை மாற்றியிருந்தது.

இதயத்துக்குள்ளேயே ஒரு ஸ்டெம் செல்?

2003-ல் ‘செல்’ என்ற பெயருள்ள ஆய்விதழில், வளர்ந்த இதயத்துக்குள்ளேயே சி-கிட் புரதம் கொண்ட ஸ்டெம் செல்கள் இருக்கின்றன, அவை தசையாகவும் ரத்தக்குழாயாகவும் மாறும் என்று அந்தக் குழு எழுதியது. மஜ்ஜை பற்றிய எதிர்ப்பு இதைத் தொடாது. இதயத்தின் சொந்த ஸ்டெம் செல் இதயத்தசையாக மாறாமல் வேறு எதுவாக மாறும்? தர்க்கம் கச்சிதமாக இருந்தது. 2007-ல் அன்வெர்சா பாஸ்டனுக்கு, ஹார்வர்டின் பயிற்சி மருத்துவமனையான பிரிகாமுக்கு மாறினார். அமெரிக்க மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி தாராளமாக வந்தது.

ஸ்கிப்பியோ இந்த வழியில் வந்ததுதான். லூயிவில் பல்கலைக்கழகத்தில் ராபர்ட்டோ போல்லி குழு அறுவை செய்தது. பைபாஸ் நேரத்தில் வலது மேலறையின் சிறு துண்டு எடுக்கப்பட்டு பாஸ்டனுக்குப் போனது. அங்கே சி-கிட் செல்கள் பிரிக்கப்பட்டு வளர்க்கப்பட்டன. பின்பு ரத்தக்குழாய் வழியாக 10 லட்சம் செல்கள் திரும்பச் செலுத்தப்பட்டன.

இந்த எண்ணை மேலே சொன்ன 100 கோடியோடு சேர்த்துப் பாருங்கள். போனது 100 கோடி, போட்டது 10 லட்சம்: ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் துடிக்கும் இதயத்துக்குள் செலுத்தும் செல்களில் பெரும்பகுதி ரத்த ஓட்டத்தோடு நுரையீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தங்கும் கொஞ்சநஞ்சம் செல்கள் நூற்றுக்கணக்கான மடங்கு பெருகி, முதிர்ந்து, பக்கத்துச் செல்லோடு மின்தொடர்பு ஏற்படுத்தி, 4 மாதத்தில் 8 புள்ளி உயர்த்த வேண்டும். சோதனையில் ஒப்பீட்டுக்கு இருந்தவர்கள் 7 பேர். யாருக்கு செல் போனது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். பைபாஸ் செய்த இதயம் சில மாதம் தேறிவருவது வழக்கமும்கூட. பாதுகாப்பைப் பார்ப்பதற்கான முதல் கட்டச் சோதனைக்கு இந்த வடிவம் தவறே இல்லை. அதிலிருந்து பலனைப் பறைசாற்றியதுதான் தவறு.

அணுகுண்டு கொடுத்த கடிகாரம்

வளர்ந்த மனித இதயம் தன் தசையை எவ்வளவு புதுப்பிக்கிறது என்று நேராக அளக்க முடிந்தால் இந்த வாதமே தீரும். மனிதருக்குக் கதிரியக்கப் பொருளைக் கொடுத்துவிட்டு இதயத்தை வெட்டிப் பார்க்க முடியாதே. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரீசென் குழுவுக்கு ஒரு யோசனை வந்தது: அந்தச் சோதனையை வல்லரசுகள் ஏற்கனவே எல்லோர்மீதும் செய்து முடித்துவிட்டன.

1950-களின் நடுவிலிருந்து 1963 வரை நடந்த திறந்தவெளி அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14-ன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆண்டுக்காண்டு குறைந்துவந்தது. காற்றிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து உணவுக்கு, உணவிலிருந்து நம் டி.என்.ஏ.வுக்கு. ஒரு செல் கடைசியாகப் பிரிந்தபோது டி.என்.ஏ.வில் ஏறிய கார்பன்-14 அளவு அந்த ஆண்டின் காற்றோடு பொருந்தும். அதன் பிறகு மாறாது. ஆக, இறந்தவரின் இதயத்தசைச் செல்களை மட்டும் பிரித்து அளந்தால், அவை சராசரியாக எந்த ஆண்டில் பிறந்தவை என்று தெரிந்துவிடும்.

வேலையின் கஷ்டம் பிரிப்பதில்தான் இருந்தது. இதயத்தில் இருக்கும் செல்களில் எண்ணிக்கைப்படி பார்த்தால் தசைச் செல்கள் சிறுபான்மை. மற்றவை நார்ச் செல்கள், ரத்தக்குழாய்ச் செல்கள், அவையெல்லாம் அடிக்கடி புதுப்பிக்கப்படுபவை. கொஞ்சம் கலந்தாலும் கணக்கு கெட்டுப்போகும். இதயத்தசைக்கே உரிய ட்ரோபோனின் புரதத்தை அடையாளமாக வைத்து, தசைச் செல்களின் உட்கருக்களை மட்டும் வடிகட்டினார்கள். 2009-ல் சயன்ஸ் இதழில் வந்த விடை: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் புதுப்பிப்பு, 75 வயதில் 0.45 சதவீதம். ஒரு முழு ஆயுளில் பாதிக்கும் குறைவான தசைச் செல்களே மாற்றப்படுகின்றன.

இதற்கு இரண்டு பொருள் உண்டு. இதயத்தசை அறவே பிரியாது என்ற பழைய பாடம் தவறு. அதேநேரம், மாரடைப்பின் நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்கு ஊற்று எதுவும் உள்ளே இல்லை. அன்வெர்சா குழு அதே கார்பன் முறையில் தாமும் அளந்ததாகவும், புதுப்பிப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம் என்றும் 2012-ல் சர்க்குலேஷன் இதழில் எழுதியது. சரிவு அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்கியது.

சரிவு

2014 ஏப்ரலில் சர்க்குலேஷன் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் ஸ்கிப்பியோ கட்டுரைமீது, அதன் நம்பகத்தன்மையில் சந்தேகம் இருப்பதாக வாசகரை எச்சரிக்கும் கவலைக் குறிப்பு ஒன்றை லான்செட் வெளியிட்டது. அந்த ஆண்டிலேயே சின்சினாட்டியின் ஜெஃப்ரி மோல்கென்டின் குழு நேச்சரில் எழுதியது முக்கியமானது. சி-கிட் மரபணு ஒருமுறை இயங்கினாலும் அந்த செல்லுக்கும் அதன் வாரிசுகளுக்கும் நிரந்தர அடையாளம் விழும்படி எலியை உருவாக்கி, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். வாரிசுகளில் பெரும்பாலானவை ரத்தக்குழாயின் உள்ளுறைச் செல்கள். தசைச் செல்லாக வந்தவை சுமார் 0.03 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. இரண்டு செல் ஒட்டிப்போவதால் வரும் பொய்க் கணக்கைக் கழித்தால் 0.008 சதவீதத்துக்கும் கீழே.

அன்வெர்சாவும் சக ஆய்வாளர் ஒருவரும் 2014 டிசம்பரில் ஹார்வர்டுமீது வழக்குப் போட்டார்கள்: தங்கள் கூடத்தின் தரவுகள்மீது நடந்த விசாரணை தங்கள் பெயரைக் கெடுத்துவிட்டது, தரவு மாற்றப்பட்டது தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்பது அவர்கள் வாதம். 2015-ல் வழக்கு தள்ளுபடியானது. அன்வெர்சா பிரிகாமை விட்டு வெளியேறினார். 2017-ல் பிரிகாமும் அதன் தாய் நிறுவனமும் அமெரிக்க அரசுக்கு 1 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. அன்வெர்சாவின் ஆய்வுக்கூடம் பொய்த் தரவைக் காட்டி மத்திய நிதி பெற்றது என்பது குற்றச்சாட்டு. 2018 அக்டோபரில், பொய்யாக்கப்பட்ட அல்லது புனையப்பட்ட தரவு இருப்பதால் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டும் பிரிகாமும் இதழ்களுக்குப் பரிந்துரைத்தன. அந்த மாதமே, சி-கிட் செல்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்த கான்சர்ட் என்ற அரசுச் சோதனை நிறுத்தி வைக்கப்பட்டது.

2019-ல் ஸ்கிப்பியோவைத் திரும்பப் பெற்றபோது லான்செட் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டது: லூயிவில்லின் மருத்துவப் பணியில் குறை இருந்ததற்குச் சான்று இல்லை, பாஸ்டனின் ஆய்வகப் பணிதான் நம்பத்தக்கதல்ல என்று தீர்மானமானது. என் பார்வையில் இது இன்னும் சங்கடமான செய்தி. ஒழுங்காக நோயாளியைப் பார்த்து, ஒழுங்காக அளந்த ஒரு குழுவுக்கும் 8 புள்ளி உயர்வு கிடைத்திருக்கிறது. என்ன செல் என்பதே சந்தேகத்துக்கு உள்ளான பிறகும் அந்த உயர்வு எங்கிருந்து வந்தது?

அப்படியானால் ஈ.எஃப். ஏன் உயர்ந்தது

லண்டன் இம்பீரியல் காலேஜின் டேரல் ஃபிரான்சிஸ் குழு இதற்கு ஒரு கணக்கு வழியில் விடை தேடியது. 49 மஜ்ஜை செல் சோதனைகளின் 133 அறிக்கைகளை எடுத்து, உள்முரண்களை எண்ணினார்கள்: கூட்டினால் வராத நோயாளி எண்ணிக்கை, ஒரே சோதனையின் இரண்டு அறிக்கைகளில் இரண்டு விதமான முடிவு, இப்படி. அறுநூறுக்கு மேல் கிடைத்தன. 2014-ல் பி.எம்.ஜே. இதழில் வந்த அட்டவணை பார்க்கவே உறுத்தும். 30-க்கு மேல் முரண் கொண்ட சோதனைகளில் ஈ.எஃப். சராசரியாக 7.7 புள்ளி உயர்வு. முரண் குறையக் குறைய உயர்வும் குறைந்தது. ஒரு முரண்கூட இல்லாத சோதனைகளில் −0.4, அதாவது ஒன்றும் இல்லை.

முரண் என்றாலே மோசடி என்று அவர்கள் சொல்லவில்லை. கவனக்குறைவும் அதே பக்கம்தான் சாயும். எக்கோ ஸ்கேனில் கீழறையின் எல்லையைக் கையால் வரைகிறார்கள். யாருக்கு செல் போனது என்று தெரிந்த கை கொஞ்சம் தாராளமாக வரையும். மாரடைப்புக்குப் பிறகு ஸ்தம்பித்திருந்த தசை சில வாரத்தில் தானாக எழும். இரண்டும் சேர்ந்தால் சில புள்ளிகள் வந்துவிடும்.

ஈ.எஃப். வேண்டாம், உயிர் பிழைக்கிறார்களா என்று மட்டும் பார்ப்போம் என்று ஐரோப்பாவில் தொடங்கிய சோதனை பாமி. 3000 பேர் வேண்டும் என்று திட்டம். சேர்ந்தது 375 பேர். 2020-ல் வந்த முடிவில் இரண்டாண்டு இறப்பு செல் பெற்றவர்களில் 3.26 சதவீதம், பெறாதவர்களில் 3.82 சதவீதம். இவ்வளவு சிறிய கூட்டத்தில் இந்த வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இன்றைய மாரடைப்புச் சிகிச்சையே இறப்பை இவ்வளவு குறைத்துவிட்டதால், அதற்குமேல் ஒரு பலனை நிரூபிக்க ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும்.

அப்புறம் மோல்கென்டின் குழுவின் இன்னொரு சோதனை, 2019 இறுதியில் நேச்சரில் வந்தது. குறும்பு கலந்த சோதனை என்றே சொல்வேன். அடிபட்ட எலி இதயத்தில் உயிருள்ள மஜ்ஜை செல்களைப் போட்டார்கள், இதயம் கொஞ்சம் தேறியது. சி-கிட் செல்களைப் போட்டார்கள், தேறியது. உறையவைத்து உருக்கிக் கொன்ற செல்களைப் போட்டார்கள், அப்போதும் தேறியது. செல்லே இல்லாமல், ஈஸ்ட் செல்சுவரிலிருந்து எடுக்கும், நோயெதிர்ப்பைத் தூண்டும் ஸைமோசான் என்ற பொருளைப் போட்டாலும் தேறியது. நடந்தது இதுதான்: அந்நியப் பொருள் விழுந்த இடத்துக்கு மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் விரைந்தன, தழும்பின் விளிம்பைச் செப்பனிட்டன, தழும்பின் இழுவிசை மாறியது. புதுத் தசை ஏதும் உண்டாகவில்லை.

ஆகவே செல் சிகிச்சை பெற்ற சிலருக்கு உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கலாம். நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கான்சர்ட் சோதனை 125 பேரோடு முடிந்து 2021-ல் வெளியானது. ஈ.எஃப். மாறவில்லை, தழும்பின் அளவும் மாறவில்லை. ஆனால் சி-கிட் செல் பெற்றவர்களிடம் இதயச் செயலிழப்பு சார்ந்த பாதகங்கள் குறைந்திருந்தன. சிறிய சோதனை, எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் பத்து ஆண்டுகளாகத் தலையில் வைத்துக் கொண்டாடிய எண் அசையாமல் நிற்க, வேறொன்று அசைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

உண்மையான தசையைக் கொண்டுபோனபோது

வேறொரு பாதையில் போனவர்கள் தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி யோசித்தார்கள். உள்ளே போய் தசையாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளியிலேயே தசையாக்கி எடுத்துப் போவோம். கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்தும், 2006-ல் ஷின்யா யமனாகா எலியிலும் மறு ஆண்டு மனிதரிலும் செய்து காட்டிய ஐ.பி.எஸ். செல்லிலிருந்தும் (உடலின் சாதாரணச் செல்லைக் கருநிலைக்குத் திருப்பி உண்டாக்குவது), தட்டிலேயே துடிக்கும் தசைச் செல்களை உருவாக்க முடிகிறது. எண்ணிக்கையும் கோடிக்கணக்கில் கிடைக்கிறது.

2004-ல் மஜ்ஜைக் கோட்பாட்டைக் கவிழ்த்த அதே மர்ரியின் கூடம் 2014-ல் குரங்கு இதயத்தில் 100 கோடி தசைச் செல்களைப் போட்டது. இப்போது தசை வந்தது. தழும்புக்குள் வளர்ந்தது, இதயத்தோடு சேர்ந்து துடித்தது. கூடவே ஆபத்தான தாளக்கோளாறும் வந்தது. தட்டில் உருவான தசைச் செல் வளர்ந்தவரின் செல்லைப் போல இருப்பதில்லை, கருவில் இருக்கும் சிசுவின் செல்லைப் போல இருக்கிறது. யாரும் கட்டளையிடாமல் தானாகத் துடிக்கும். இதயத்துக்குள் ஆயிரம் சிறு பேஸ்மேக்கர்களை விதைத்தது போலாகிவிட்டது. மஜ்ஜை செல் சோதனைகளில் இந்தப் பக்கவிளைவு வரவே இல்லை. அப்போது அதைப் பாதுகாப்பு என்று பாராட்டினார்கள். தசை முளைக்காத இடத்தில் தசையின் தொந்தரவு எப்படி வரும்?

2023-ல் அந்தக் கூடம், செல்லின் தன்னியக்கத் துடிப்புக்குக் காரணமான மூன்று மரபணுக்களை முடக்கி, நான்காவது ஒன்றைக் கூட்டி, அமைதியான தசைச் செல்லை உருவாக்கியது. பன்றி இதயத்தில் அவை நீடித்த தாளக்கோளாறை உண்டாக்கவில்லை.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் வோல்ஃப்ராம் ஸிம்மர்மன் குழு ஊசியையே விட்டுவிட்டது. ஐ.பி.எஸ். செல்லிலிருந்து வந்த தசைச் செல்களையும் நார்ச் செல்களையும் கொலாஜனில் கலந்து, துடிக்கும் ஒட்டுப்பட்டையாக வளர்த்து, இதயத்தின் வெளிப்புறத்தில் தைக்கிறார்கள். குரங்குகளில் மாதக்கணக்கில் பட்டை உயிரோடு இருந்தது, சுவர் தடித்தது, தாளக்கோளாறும் கட்டியும் காணப்படவில்லை. 2025 ஜனவரியில் நேச்சரில் வந்த அவர்கள் கட்டுரையில் ஒரு மனித நோயாளியும் இருக்கிறார்: முற்றிய இதயச் செயலிழப்போடு இருந்த 46 வயதுப் பெண். 10 பட்டைகள், மொத்தம் 40 கோடி செல்கள். 3 மாதம் கழித்து அவருக்குக் கொடை இதயம் கிடைத்தது. மாற்று அறுவை நடந்தது.

அதனால் அவருடைய பழைய இதயம் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. வெட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய தசை உயிரோடு இருந்தது, அவருடைய சொந்த ரத்தக்குழாய்கள் அதற்குள் ஊடுருவியிருந்தன. ஈ.எஃப். பற்றிய வாதத்துக்கே இடமில்லை. தசை இருந்ததா என்ற கேள்விக்கு மனிதரிடம் இவ்வளவு நேரடியான விடை கிடைப்பது அபூர்வம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு மஜ்ஜை செல் போட்ட ஆண்டுகளில் துறைக்கு இல்லாமல் போனது இதுதான்.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஒரு நோயாளி, 3 மாதம். பட்டையிலுள்ள தசை இன்னும் முதிராதது. செல்கள் வேறொருவருடையவை என்பதால் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். ஏற்கனவே நலிந்த நோயாளிக்குத் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் சின்ன விஷயங்கள் அல்ல. மருந்தை நிறுத்தினால் பட்டை போய்விடும். வெளிப்புறத்தில் ஒட்டிய தசை உள்ளிருக்கும் தசையோடு எவ்வளவு ஒத்திசைந்து சுருங்கும் என்பதும் தீராத கேள்வி.

ஜப்பான் போட்ட கணக்கு

ஜப்பான் 2014-ல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செல் சிகிச்சை பாதுகாப்பானது, பலன் இருக்கலாம் என்று சிறிய சோதனையில் தெரிந்தால் போதும், நிபந்தனையோடு விற்பனைக்கு விடலாம். பலனை விற்றுக்கொண்டே நிரூபிக்கலாம். 2015 செப்டம்பரில் டெருமோ நிறுவனத்தின் ஹார்ட்ஷீட் அப்படி அனுமதி பெற்றது. நோயாளியின் தொடைத் தசையிலிருந்து வளர்த்த செல்தகடு அது. ஆதாரமாக இருந்தது 7 பேர் கொண்ட சோதனை, ஒப்பீட்டுக் குழு கிடையாது. 5 ஆண்டு கெடு, அதன்மேல் நீட்டிப்பு. 2024 ஜூலையில் சுகாதார அமைச்சகத்தின் குழு, பலன் நிறுவப்படவில்லை என்று முழு அனுமதியை மறுத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தகடு நோயாளிகளுக்கு வைக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில், ஹார்ட்ஷீட்டின் பின்னணியில் இருந்த யோஷிகி சாவாவின் குழு, 2020 ஜனவரியில் 10 கோடி ஐ.பி.எஸ். தசைச் செல்கள் கொண்ட தகட்டை முதல் நோயாளிக்கு வைத்தது. அந்தத் தகடும் பெரும்பாலும் சுரக்கும் பொருட்களால்தான், புது ரத்தக்குழாய்களைத் தூண்டித்தான் வேலை செய்யும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். தகடே கரைந்து போகலாம். அப்படியானால் ஸைமோசான் சோதனை எழுப்பிய கேள்வி இதற்கும் பொருந்தும்: இதே வேலையைச் செல் இல்லாமல் செய்ய முடியாதா? அதைத் தீர்க்க, செல் இல்லாத தகட்டை ஒப்பீட்டுக் குழுவுக்கு வைக்கும் சோதனை தேவை. நெஞ்சைத் திறந்து வெறும் தகட்டை வைப்பதை எந்த அறக்குழு சம்மதிக்கும் என்பது வேறு சிக்கல். ஒசாகா, கோட்டிங்கன் இரண்டிலும் மனிதர்களிடம் தொடங்கிய சோதனைகள் ஒப்பீட்டுக் குழு இல்லாமல்தான் தொடங்கின.